குளிசை தொடங்கி இன்று எத்தனையாவது நாள்?

மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கத் தொடங்கிய ஒருவர் சில நாட்களில் தொட்டதற்கெல்லாம் சள்ளென்று விழுகிறார். பிள்ளை தண்ணீரைக் கொட்டிவிட்டால் கத்துகிறார். மாமியார் சாதாரணமாகக் கேட்டதும் குத்தலாகப் படுகிறது. பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடினால் சுவரை இடிக்கலாம் போல வருகிறது. பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இப்படியொரு மாற்றத்தைக் காணும் குடும்பம் இரண்டில் ஒரு முடிவுக்குச் சுலபமாக வந்துவிடும். “அந்தக் குளுசதான் புள்ளைய இப்படி ஆக்கிருச்சு” என்பது ஒன்று. “கொணமே அப்படித்தான், மருந்து ஒரு சாட்டு” என்பது மற்றது. முதல் முடிவு மருந்தை நிறுத்த வைக்கிறது. இரண்டாவது, நோயாளியை வாய்மூட வைக்கிறது. இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: குளிசை தொடங்கி, அல்லது அதன் அளவு மாறி, அல்லது அது விட்டுப்போய் இன்று எத்தனையாவது நாள்?

மனச்சோர்வு மருந்து எடுப்பவருக்கு எரிச்சல் பல வழிகளில் வரும். ஒவ்வொரு வழிக்கும் தனியான காலக்கணக்கு இருக்கிறது, தீர்வும் தனித்தனி. நாளைக் குறித்து வைத்தால் பாதி நோயறிதல் கிளினிக்குக்குப் போகும் முன்பே முடிந்துவிடும் என்று துணிந்து சொல்வேன்.

இந்த மருந்துகளின் வரலாறே ஒரு பக்கவிளைவில்தான் தொடங்குகிறது. 1952இல் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த ஸீ வியூ வைத்தியசாலையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், பசித்துச் சாப்பிட்டார்கள், வார்ட்டுக்குள்ளேயே ஆடிப்பாடினார்கள். நுரையீரலுக்கென்று கொடுத்தது மனத்தை உசுப்பிவிட்டது. சில ஆண்டுகளில் அந்த உசுப்பலே மனச்சோர்வுக்கான சிகிச்சையாக மாறியது. சுவிற்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற உளமருத்துவர் இமிப்ரமீனின் பலனை 1957இல் அறிவித்தார். நம் கிளினிக்குகளில் இன்றும் கிடைக்கும் அமிட்ரிப்டிலின் அந்த இமிப்ரமீனின் உறவுக்கார மருந்து. 1987 டிசம்பரில் அமெரிக்கா ஃபுளுஒக்சடீனுக்கு அனுமதி கொடுத்தது. சேர்ட்ரலின், சிட்டலோப்ராம், எசிடலோப்ராம் எல்லாம் அதே வகையைச் சேர்ந்தவை.

சோர்ந்து கிடப்பவரை எழுப்பும் மருந்து சிலரை வேண்டிய அளவுக்கு மேலும் எழுப்பிவிடும் என்பது தெரிந்த விடயம்தான். 2004 ஒக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இந்த மருந்துகளோடு வரும் விவரத்தாளில் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. சிறுவர்களிலும் பதின்வயதினரிலும் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பது அதன் மையம். கூடவே, முதல் வாரங்களில் கவனிக்க வேண்டியவை என்று பதற்றம், தூக்கமின்மை, எரிச்சல், பகைமையுணர்வு, இருப்புக்கொள்ளாமை ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2007இல் அந்த எச்சரிக்கை 24 வயது வரையான இளையோருக்கும் நீண்டது. ஆகவே குளிசை தொடங்கியதும் கோபம் வருகிறது என்று ஒருவர் சொன்னால் அது கற்பனையோ சாட்டோ அல்ல. மருத்துவம் தானே எழுதிவைத்திருக்கிற ஒன்று.

முதல் ஒன்று இரண்டு வாரங்களில் ஏன் இப்படி ஆகிறது? மூளையில் ஒரு நரம்புக்கலம் அடுத்ததோடு பேசும்போது செரட்டோனின் போன்ற வேதிப்பொருட்களை இடைவெளிக்குள் விடுகிறது. பிறகு அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஃபுளுஒக்சடீன் வகை மருந்துகள் இந்த உறிஞ்சுதலை மறிக்கின்றன. சில மணி நேரத்திலேயே மறித்துவிடுகின்றன. ஆனால் மனம் தெளிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது. இந்த இடைவெளிக்கு ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று இது: செரட்டோனினை விடும் கலத்தின் மேலேயே அதன் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏற்பிகள் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் மட்டம் ஏறினால் மிதவை எழும்பி வாயை அடைப்பதுபோல, செரட்டோனின் கூடியதும் அவை “போதும், குறை” என்று கட்டளையிடும். நாளாக நாளாக அந்த ஏற்பிகள் களைத்து அடங்கிய பிறகே புதிய சமநிலை வரும். அதுவரை மூளையின் ஓர் இடத்தில் கூடுதல், இன்னோர் இடத்தில் குறைவு என்று தடுமாற்றம். செரட்டோனினுக்குப் பதினான்கு வகை ஏற்பிகள் இருப்பதால், அமைதிக்கு உதவும் ஏற்பி தூண்டப்படும் அதே நேரம் படபடப்பைத் தூண்டும் ஏற்பியும் தூண்டப்படலாம். செரட்டோனின் குறைந்துபோவதுதான் மனச்சோர்வு என்ற பழைய எளிய விளக்கத்துக்குப் போதிய சான்று இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காரணம் முழுதாகப் பிடிபடாவிட்டாலும் பலருக்கு மருந்து உதவுகிறது என்பது வேறு விடயம்.

இந்தத் தொடக்ககால எரிச்சல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். தாங்க முடியாவிட்டால் மருத்துவர் பாதி அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார். இதிலே நம்மவர் கவனிக்க வேண்டிய உடற்கூறு ஒன்றும் இருக்கிறது. சிட்டலோப்ராம், எசிடலோப்ராம், சேர்ட்ரலின் ஆகியவற்றை உடைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் ஈரல் நொதியொன்று பிறவியிலேயே மந்தமாக இயங்குபவர்கள் ஐரோப்பியரைவிட ஆசியரிடையே அதிகம். அவர்களுக்கு வழக்கமான அளவே இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். ஒரே குளிசையை எடுக்கும் அக்காவுக்கு ஒன்றும் செய்யாமல் தங்கையை மட்டும் படபடக்க வைத்தால், தங்கையை நம்ப அதுவே போதிய காரணம்.

ஆனால் எரிச்சல் குளிசைக்கு முன்பே இருந்திருக்கலாம். மனச்சோர்வு என்றால் அழுகை, மௌனம், சாப்பாடு இறங்காமை என்றே நினைக்கிறோம். அமெரிக்காவில் சுமார் 4,000 நோயாளிகளோடு நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வின் தரவுகளைப் பார்த்தவர்கள், மனச்சோர்வு உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் நாளின் பெரும்பகுதி எரிச்சலோடே இருந்ததைக் கண்டார்கள். பிள்ளைகளிலும் இளைஞர்களிலும் எரிச்சல்தான் சிலவேளை நோயின் முதல் முகம். தோட்டத்தில் ஆண்களின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்களின் கோபம் முழுவதையும் சாராயத்தின் கணக்கிலோ கசிப்பின் கணக்கிலோ எழுதிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சோர்வை யாரும் கேட்பதில்லை. இந்த வகை எரிச்சலை இதே குளிசைகள் குறைக்கவே செய்கின்றன. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் சில பெண்களை வாட்டும் கடும் எரிச்சலுக்கும் இவையே மருந்து. அங்கே பலன் சில நாட்களிலேயே தெரியும். ஒரே மருந்து ஒருவரின் எரிச்சலைத் தணிக்கிறது, இன்னொருவருக்குக் கிளப்புகிறது. அதனால்தான் குளிசை தொடங்குவதற்கு முந்திய வாரம் வீட்டில் எப்படி இருந்தார் என்பதையும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது வகை எரிச்சல் குளிசையாலும் வருவதில்லை, நோயாலும் வருவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே உறவுகளை இழந்தவருக்குக் கோபம் வந்தால் அதை எந்தக் குளிசையின் கணக்கில் எழுதுவது? நாள் முழுக்கக் கொழுந்து பறித்தும் நிறுவையில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடப்பட்டவளின் கோபமும், கணவனிடம் அடிவாங்குகிறவளின் கோபமும் இப்படித்தான். அவற்றுக்குப் பக்கவிளைவு என்று பெயர் வைப்பது அநியாயம். மருந்து நன்றாக வேலை செய்து மனம் தெளியும்போது, இத்தனை காலம் விழுங்கிக்கொண்டிருந்ததைக் கேட்கும் தைரியம் சிலருக்கு வருவதுமுண்டு. வீட்டாருக்கு அது எரிச்சலாகத் தெரியும். எனக்கு அது குணமாவதாகத் தெரிகிறது.

இனித் தூக்கம். ஃபுளுஒக்சடீன் வகை மருந்துகள் கனவுத் தூக்கத்தைக் குறைக்கும். சிலருக்குத் தூக்கத்தையே கலைக்கும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் இரவு தூங்காதவர்களின் மூளையில் அச்சத்தையும் கோபத்தையும் எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி, விரும்பத்தகாத படங்களைக் கண்டபோது 60 சதவீதம் கூடுதலாகக் கிளர்ந்தது. அதை அடக்கிவைக்கும் முன்மூளையோடு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. தோட்டத்துப் பெண்ணின் நாளை இதோடு வைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கோ பிள்ளைக் காம்பராவுக்கோ அனுப்பி, பெரட்டுக்கு ஓடி, மலையேறி, நிறுவை முடிந்து திரும்பி, மறுபடியும் அடுப்பு. தூக்கத்துக்கு மிஞ்சுவதே கொஞ்சம். அதிலும் குளிசை ஒரு மணி நேரத்தைப் பறித்தால், மறுநாள் சாயங்காலம் பிள்ளைமேல் விழும் அடி மூளையின் கணக்குப்படி எதிர்பார்க்கக் கூடியதுதான். உசுப்பும் வகைக் குளிசையை இரவில் எடுப்பவர், காலையில் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். அமிட்ரிப்டிலின் நேர் எதிர்: தூக்கம் வரவைப்பதால் அதை இரவில் கொடுப்பார்கள்.

தேத்தண்ணியையும் விட முடியாது. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தேடித்தருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்டு வீசும் கச்சான் காற்று. பறித்தவர்களின் வீட்டுக் கேத்தலில் வேகுவதோ பெரும்பாலும் தூள். தூள் பொடியாக இருப்பதால் சாயமும் கெபீனும் சீக்கிரம் இறங்கும். கெபீனில் பாதி உடலைவிட்டு நீங்கச் சராசரியாக ஐந்து மணி நேரமாகும். மாலை ஏழு மணிச் சாயத்தண்ணியின் பாதி நள்ளிரவிலும் இரத்தத்தில் இருக்கும். ஃபுளுவொக்சமின் என்ற குளிசை கெபீனை உடைக்கும் நொதியையே முடக்குவதால், அதை எடுப்பவருக்கு இரண்டு கோப்பை பல கோப்பையின் வேலையைச் செய்யும். போதாததற்கு, சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். இரத்தசோகை தோட்டத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. அதுவும் களைப்பையும் சிடுசிடுப்பையும் கொண்டுவரும். ஆகவே எரிச்சல் என்று போனவருக்கு மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் தைரொயிட் பரிசோதனையும் எழுதினால், அவர் விடயத்தை விட்டு விலகிப் போகவில்லை. சாயத்தண்ணியை அடியோடு விடச் சொல்வது மலையகத்தில் நடக்காத காரியம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம் என்பது நடக்கக்கூடியது.

அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாத நிலைகளும் இருக்கின்றன. கால்கள் நிற்கவும் விடாமல் உட்காரவும் விடாமல் உள்ளே ஏதோ பிசைவதாக ஒருவர் சொன்னால், அது அக்கதீசியா எனப்படும் இருப்புக்கொள்ளாமையாக இருக்கலாம். வெளியே பார்ப்பவருக்கு வெறும் கோபம்போலத் தெரியும். உள்ளே அது தாங்கமுடியாத வேதனை. இன்னொன்று, மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல், ஓயாமல் பேசி, காசை வாரியிறைத்து, தடுத்தவர்மேல் பாய்வது. இருமுனை நோய் மறைந்திருப்பவருக்கு மனச்சோர்வுக் குளிசையை மட்டும் தனியாகக் கொடுக்கும்போது இது வெளிப்படலாம். குடும்பத்தில் யாருக்காவது முன்பு அப்படி வந்ததா என்று மருத்துவர் கேட்பது இதற்காகத்தான். இந்த நேரத்தில் “பேய் பிடிச்சிருக்கு” என்று கோடாங்கியைத் தேடிப் போகும் இரண்டு நாள் விலைமதிப்பற்றது. சாக வேண்டும் போலிருக்கிறது என்ற பேச்சு எழுந்தால் இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. 1990 அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இலங்கை இதில் கற்ற பாடம் பெரிது. 1995இல் லட்சம் பேருக்கு 47 என்ற அளவைத் தொட்ட நம் தற்கொலை வீதம், பிறகு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அதற்கு முதற்காரணம் கொடிய விவசாய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. ஆத்திரத்தின் உச்சம் சில நிமிடங்களில் கடந்துபோகும். அந்த நிமிடங்களில் நஞ்சு கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்பும். அதனால் குளிசை தொடங்கிய முதல் வாரங்களில் மரக்கறித் தோட்டத்து மருந்துப் போத்தலையும், ஒரு மாதக் குளிசைப் பையையும் வீட்டில் நிதானமான ஒருவர் தன் பொறுப்பில் வைத்திருக்கட்டும்.

அவசரமில்லாத எரிச்சலோடு வாழ்வது எப்படி? “தனி அறைக்குப் போய் ஆழமாக மூச்சுவிடுங்கள்” என்று எழுதுபவர்கள் லயம் பார்த்திராதவர்கள். பழைய காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டு அடி, தனியறை எங்கே? ஆனால் இஸ்தோப்பு இருக்கிறது, பீலி இருக்கிறது, ரோட்டு வளைவு இருக்கிறது. நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டாரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்: “நான் எழும்பி வெளிய போனா பின்னால வராதீங்க, பத்து நிமிசத்துல வந்துருவேன்.” பின்னால் போய் “என்ன கோவம், என்ன கோவம்” என்று கேட்காமலிருப்பது வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி. கத்திவிட்ட பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, “அம்மாவுக்கு மருந்து புதுசுடா, ஓம் மேல ஒரு பிழையும் இல்ல” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் பெரியவர்களின் கோபத்துக்குத் தாங்களே காரணம் என்று எடுத்துக்கொள்பவர்கள். சாராயத்தையும் கசிப்பையும் இந்த வாரங்களிலாவது விட்டுவிட வேண்டும். மது முன்மூளையின் பிடியைத் தளர்த்துவதால் சிறு எரிச்சல்கூடக் கைகலப்பாகும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எரிச்சலுக்குக் குளிசை காரணமாகலாம். மனைவியை அடிப்பதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது.

இதுவரை சொன்னது குளிசை தொடங்கியபோது வருவது. விட்டுப்போகும்போது வருவதுதான் தோட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாதது. ஒருகாலத்தில் மனநோய் என்றால் அங்கொடை வைத்தியசாலை என்றிருந்தது. 2005இன் மனநலக் கொள்கைக்குப் பிறகு சிகிச்சை மாவட்டங்களுக்குப் பரவியது. பதுளையிலும் தியத்தலாவையிலும் மருந்து எடுக்கலாம். ஆனால் மடுல்சீமை உச்சியிலிருந்து பஸ் ஏறி, வரிசையில் நின்று, மருந்தெடுத்துத் திரும்பினால் ஒரு நாள் பேர் போய்விடும். சம்பளம் போடும் வாரத்திலோ மழையில் ரோட்டு இடிந்த வாரத்திலோ கிளினிக் தவறும். 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, ஒழுங்காகக் கிளினிக் போனவர்களும் வெளிப் பாமசிக்கு அலைந்தார்கள். பரொக்செடின், வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வுக் குளிசைகள் உடலைவிட்டுச் சீக்கிரம் நீங்கிவிடுவதால், ஓரிரு நாள் தவறினாலே தலைசுற்றல், மின்சாரம் அடித்தாற்போன்ற சிலிர்ப்பு, கெட்ட கனவு, எரிச்சல் எல்லாம் வரும். ஃபுளுஒக்சடீன் வாரக்கணக்கில் உடலில் தங்கும். அதை எடுப்பவருக்கு ஒரு வாரத் தாமதம் அவ்வளவாகத் தெரியாது. கிளினிக் அடிக்கடி தவறும் இடத்தில் இருப்பவர் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால், மருந்தைத் தெரிவு செய்யும்போது அவர் அதையும் கணக்கில் எடுப்பார்.

குளிசையின் நிறம் மாறியதும் “இது வேற மருந்து, இதுதான் கோவத்த கெளப்புது” என்று வீசிவிடுபவர்களும் இருக்கிறார்கள். பேராசிரியர் சேனக பிபிலேயைத் தலைவராகக் கொண்டு 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், கம்பனிப் பெயரைப் பாராமல் மருந்தின் பொதுப்பெயரில் கேள்விமனு கோரி மலிவாக வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. ஏழை வீட்டுக்கும் மருந்து கிடைக்க அதுவே வழி செய்தது. செய்யும் கம்பனி மாறினால் குளிசையின் நிறமும் உருவமும் மாறும், மருந்து அதேதான். துண்டில் எழுதிய பெயர் பழையதோடு பொருந்துகிறதா என்று கொடுப்பவரிடம் கேட்டுவிட்டால் சந்தேகம் தீரும்.

நன்றாகிவிட்டது, இனி நிறுத்தலாம் என்று மருத்துவரே சொல்லும் நாளிலும் கணக்கு முடிவதில்லை. சிட்டலோப்ராம் 20 மில்லிகிராம், மூளையில் செரட்டோனினை உறிஞ்சும் வாயில்களில் சுமார் 80 சதவீதத்தை மறிக்கிறது. 10 மில்லிகிராமுக்கு இறங்கினாலும் 70 சதவீதம் அளவில் மறிபட்டே இருக்கும். 5 மில்லிகிராமிலிருந்து ஒன்றுமில்லை என்று ஆக்கினால், பாதிக்கு மேற்பட்ட வாயில்கள் ஒரேயடியாகத் திறக்கும். சிறிய அளவுதானே என்று கடைசியில் சட்டென்று நிறுத்துபவர்களே அதிகம் அவதிப்படுவது இதனால்தான். ஆய்வாளர்கள் மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் இதை விளக்கி, முடிவை நெருங்க நெருங்க இன்னும் சின்னச் சின்ன அளவாகக் குறைக்கச் சொன்னார்கள். நிறுத்திய மூன்றாம் நாள் கிளம்பும் எரிச்சல் பெரும்பாலும் மருந்து விலகுவதன் அறிகுறி. மூன்றாம் மாதத்தில் மெல்ல ஏறி வரும் எரிச்சல் நோய் திரும்புவதாக இருக்கலாம். முதலாவதுக்கு, விட்ட அளவைத் திரும்ப எடுத்தால் சில நாளில் அடங்கும்.

கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். மொழியும் தடுக்கலாம். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குளிசை தொடங்கிய திகதி, அளவு மாறிய திகதி, தவறிய நாட்கள், எரிச்சல் தொடங்கிய திகதி, தூங்கிய மணி நேரம் என்று எண்களாக எழுதிக்கொண்டு போங்கள். எண்களை எந்த மொழி மருத்துவரும் படிப்பார். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரும். கூடவே, வீட்டில் உங்களை அன்றாடம் பார்க்கும் ஒருவரையும் அழைத்துப் போங்கள். எரிச்சல், அதற்கு ஆளானவருக்குத் தெரிவதற்கு முன்பே எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். எது எப்போது தொடங்கியது என்பதை அவர் சரியாகச் சொல்வார்.